எல்லைக் கல்லை நகர்த்தினால் அதிகாரம் வந்துவிடுமா?

(நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், தூக்குப் போசியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் ஆலைத் தோழர்கள். களையெடுப்பு முடிந்து, மண் காயாத காலோடு வந்திருக்கிறீர்கள் தாய்மார்கள். எந்தக் கூட்டத்துக்கும் இப்படித்தான் இரு பகுதியாரும் சேர்ந்து வருவீர்கள். ஆனால் இன்றைக்குப் பேச வேண்டிய விஷயத்தில் மட்டும் நீங்கள் இரண்டு பக்கமாக நிற்கிறீர்கள் என்பதை நான் அறிவேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு ஆலைத் தோழர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க தோழர், நம்ம ஊரை மாநகராட்சியோட சேர்க்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. சேர்த்தா நல்லதுதானுங்களே? சாக்கடை வரும், தினமும் தண்ணி வரும். எத்தனை நாளைக்கு இந்தக் கொசுக்கடியில கெடக்கறது?"

பத்தடி நடந்திருப்பேன். ஒரு தாயார் கையைப் பிடித்துக்கொண்டார்: "ஏந் தம்பி, டவுனோட சேர்த்துட்டா நூறு நாள் வேலை போயிருமாமா? நெசமா?"

தோழர்களே, பிறகு விசாரித்ததில் தெரிந்தது, இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்! மகன் மில்லுக்குப் போகிறார். தாய் காட்டு வேலைக்குப் போகிறார். ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிற குடும்பத்துக்குள்ளேயே இந்த விஷயம் இரண்டு அபிப்பிராயத்தை உண்டாக்கியிருக்கிறது. இதில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

"வேண்டும்" என்பதும் "லாம்" என்பதும்

கிராமத்துக்கு அதிகாரம் கொடுக்கப் போகிறோம் என்ற பேச்சு புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றித் தீர்மானம் போட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 40-வது ஷரத்தில் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் அது வழிகாட்டும் கோட்பாடுதான். கோர்ட்டுக்குப் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியாத ஷரத்து. 1957-ல் பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி மூன்றடுக்குப் பஞ்சாயத்தைச் சிபாரிசு செய்தது. 1958-ல் சென்னை ராஜ்யத்தில் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் போய்ப் பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன.

பிறகு 1992-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. நகரங்களுக்கு 74-வது திருத்தம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு ஜனத்தொகைக்குத் தக்க இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், மாநிலத் தேர்தல் கமிஷன், மாநில நிதிக் கமிஷன் என்று எல்லாம் எழுதினார்கள். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016-ல் பாதியாக உயர்ந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள். குறைத்துப் பேசுவது நம் வேலையல்ல.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தேர்தலைப் பற்றி எழுதும்போது நடத்தியே தீர வேண்டும் என்ற கருத்தில் எழுதினார்கள். அதிகாரத்தைப் பற்றி எழுதும்போது, 243-ஜி ஷரத்தில், மாநிலச் சட்டசபை "வழங்கலாம்" என்று எழுதிவிட்டார்கள். விவசாயம், சிறு பாசனம், குடிதண்ணீர், ஆரம்பப் பள்ளிக்கூடம், சுகாதாரம், ரேஷன் என்று 29 விஷயங்களை ஒரு பட்டியலாகப் போட்டு, இவற்றைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்றார்கள். ஒப்படைக்காவிட்டால்? ஒன்றுமில்லை!

கூலி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவதற்கும், கூலி கொடுக்கலாம் என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு "லாம்" என்ற சொல்லுக்குள்ளேதான் முப்பது வருஷத்துக்கு மேலாக நம் கிராமங்களின் அதிகாரம் சிக்கிக் கிடக்கிறது.

அதிகாரம் என்றால் என்ன? பெயர்ப் பலகையும் நாற்காலியும் அல்ல. பணம் யார் கையில் இருக்கிறது? உத்தியோகஸ்தர் யார் சொல்லைக் கேட்கிறார்? ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர் அந்த இடத்தில் இருக்கிறாரா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிராமத்தின் பக்கம் இருந்தால் அதிகாரம் பரவியிருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் வேலை மட்டும் கீழே வந்திருக்கிறது. அதிகாரம் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

நாற்காலி காலியாகக் கிடந்த வருஷங்கள்

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1970-ல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது? 1986-ல். பதினாறு வருஷம்! அந்தப் பதவிக் காலம் முடிந்த பின் அடுத்த தேர்தல் 1996-ல். அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகாவது ஒழுங்காக நடந்ததா? 1996, 2001, 2006, 2011 என்று நான்கு முறை நடந்தது. 2016-ல் ஹைகோர்ட்டு தேர்தல் அறிவிப்பை ரத்துச் செய்தது. அதற்குப் பிறகு வார்டு மறுவரையறை, புதிய ஜில்லாக்கள், வழக்கு என்று காரணங்கள் நீண்டன. கிராமப்புறத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அதிலும் ஒன்பது ஜில்லாக்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது, அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

தனி அலுவலர் ஆட்சி என்றால் என்ன? நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2017 கோடைக்காலம். நான் வேலை செய்கிற வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் போர் மோட்டாரின் காயில் எரிந்து போயிற்று. தலைவர் இருந்தால் அன்று சாயங்காலமே அவர் வாசலில் காலிக் குடத்தோடு போய் உட்கார்ந்திருப்போம். ஓட்டு வாங்கியவர், வீட்டுக்குள் இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இருந்தவரோ தனி அலுவலர். அவர் கெட்ட மனிதரும் அல்ல. யூனியனில் உள்ள எல்லாக் கிராமமும் அவர் தலையில் இருந்தது. மூன்று முறை மனு கொடுத்தோம். "எஸ்டிமேட் போயிருக்கிறது" என்றார்கள். மோட்டார் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. அத்தனை நாளும் பெண்கள் நடவுக்குப் போகாமல் ஒரு மைல் தள்ளித் தண்ணீருக்குப் போனார்கள். குடம் தண்ணீருக்கு ஒரு நாள் கூலி விலை!

அதோடு போகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிக்கு மானியம் கிடையாது என்று மத்திய நிதிக் கமிஷன் நிபந்தனை வைத்தது. 2016-க்குப் பிறகு தேர்தல் நடக்காத வருஷங்களில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தலை நடத்தாதவர்கள் ஒரு பக்கம், தண்டிக்கப்பட்ட ஜனங்கள் மறு பக்கம். இது என்ன நியாயம்?

நாற்காலி இருந்தும்

சரி, தேர்தல் நடந்து தலைவர் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்குதான் கிராமம், நகரம் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து நிதிக் கமிஷன் சிபாரிசுப்படி ஒதுக்கப்பட்டு வந்தது. அதிலே மின்சாரக் கட்டணம், சம்பளம், குடிநீர்ப் பராமரிப்பு போக என்ன மிஞ்சும்? நல்ல கிராம சேவகரோ, விவசாய அதிகாரியோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ பஞ்சாயத்துத் தலைவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. மேலாக, கலெக்டர்தான் பஞ்சாயத்துகளின் இன்ஸ்பெக்டர். ஓட்டுப் போட்டு நாம் தேர்ந்தெடுத்த தலைவரை நீக்குகிற அதிகாரம் 1994-ம் வருஷச் சட்டத்தின் 205-வது பிரிவில் அவருக்கு இருக்கிறது. கலெக்டரை நாம் தேர்ந்தெடுத்தோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராமம் என்பது ஒரே மனதுள்ள குடும்பம் அல்ல. நிலம் உள்ளவனும் இல்லாதவனும், மேல் சாதி என்று சொல்லிக்கொள்பவனும் சேரிக்காரனும் இருக்கிற இடம் அது. அரசியல் நிர்ணய சபையில் 1948-ல் டாக்டர் அம்பேத்கர் இதைத்தான் எச்சரித்தார். மதுரை ஜில்லா மேலவளவில், ரிசர்வ் தொகுதியில் வென்று தலைவரான முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில் தாழ்த்தப்பட்டவர் தலைவராவதைச் சகிக்காமல் பத்து வருஷம் தேர்தலை முடக்கினார்கள். 2006-ல்தான் அங்கே தலைவர்கள் பதவி ஏற்க முடிந்தது. 2020-ல்கூட கடலூர் ஜில்லாவில் ஒரு தலைவியைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்திய படம் பத்திரிகைகளில் வந்தது.

ஆகவேதான் சொல்கிறேன்: அதிகாரம் மேலிருந்து கிராமத்துக்கு இறங்கினால் மட்டும் போதாது. கிராமத்துக்குள்ளே பெரிய வீட்டுத் திண்ணையில் நின்றுவிடாமல் கடைசித் தெரு வரை போய்ச் சேர வேண்டும்.

எல்லை நகரும்போது

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2025 ஜனவரி முதல் வாரத்தில் மாநில சர்க்கார் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் 149 கிராம ஊராட்சிகளையும் சேர்ப்பது என்பது அதில் ஒரு பகுதி. அதையொட்டிப் பல ஜில்லாக்களில் கிராம மக்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள், மறியலும் செய்தார்கள். அந்த மாதிரிப் பட்டியலில் நம் ஊர் பெயரும் ஒரு நாள் வரக்கூடும் என்பதுதான் இங்கே பேச்சு.

தாயாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டும். 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600 ரூபாய். நூறு நாளும் யாருக்குக் கிடைத்தது என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, 125 நாள் என்று சொல்லி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். நாளின் எண்ணிக்கை மாறினாலும், அதுவும் கிராமப்புறத்துக்கு மட்டும்தான். ஆகவே தாயார் பயப்படுவது வீண் பயமல்ல. எல்லைக் கல் நகர்ந்த அன்றே அவர் நகரவாசி ஆகிவிடுவார். ஆனால் அவர் கையில் இருக்கும் களைக்கொத்து மாறாது, அவர் போகும் காடும் மாறாது.

வரியும் அப்படித்தான். 2022-ல் நகர்ப்புறங்களில் சொத்து வரியை, வீட்டின் அளவுக்குத் தக்கபடி, 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள். அறுநூறு சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்குக்கூட உயர்வு உண்டு. அதோடு குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை டெபாசிட் என்று வரிசையாக வரும்.

ஆலைத் தோழரின் கேள்வி? சாக்கடை வேண்டும், தண்ணீர் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு நியாயமான கோரிக்கை. நகரத்தின் ஓரத்தில் மில்லும் லைன் வீடும் நெருங்கிவிட்ட இடத்தில், சின்னப் பஞ்சாயத்தின் பணத்தில் பாதாளச் சாக்கடை போட முடியாது என்பதும் உண்மை. ஆனால் சேர்த்தால் தானாக வந்துவிடுமா? சென்னை மாநகராட்சியைப் பாருங்கள். 2011-ல் 42 உள்ளாட்சிகளை அதோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. பத்து வருஷம் கழித்தும் அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இருந்தன. மழை வந்தால் மிதந்தன. வார்டுகளோ 200. அன்றைய ஜனத்தொகைக் கணக்கில் சராசரியாக ஒரு கவுன்சிலருக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த பஞ்சாயத்து மெம்பரைச் சட்டையைப் பிடித்துக் கேட்டவர்கள், முப்பதாயிரம் பேரில் ஒருவராக வரிசையில் நின்றார்கள்.

முடிவு எடுக்கும்போது எதைப் பார்க்கச் சொல்கிறது அரசியல் சட்டம்? 243-க்யூ ஷரத்து ஜனத்தொகை, நெருக்கம், வருமானம், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்பவர்களின் விகிதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. அங்கே குடியிருப்பவனின் சம்மதத்தைக் கேள் என்று அந்த ஷரத்தில் ஒரு வார்த்தை இல்லை! ஆட்சேபணை இருந்தால் மனுக் கொடு என்பதோடு சரி. மாட்டை விற்கும்போதுகூட இரண்டு பேர் துண்டுக்குள் கைபோட்டுப் பேசுகிறார்கள். ஒரு ஊரையே கைமாற்றும்போது ஊரைக் கேட்பதில்லை.

பக்கத்து ராஜ்யத்தில்

வேறு விதமாகச் செய்ய முடியாதா? முடியும். கேரளத்தில் 1995-ல் விவசாய ஆபீசையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் கால்நடை ஆஸ்பத்திரியையும் பஞ்சாயத்துகளின் கீழ் கொண்டுவந்தார்கள். 1996 ஆகஸ்ட் 17-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். வார்டு வாரியாகக் கிராமசபை கூடி, யாருக்கு வீடு, யாருக்குக் கக்கூஸ், எந்த வாய்க்காலைத் தூர் எடுப்பது என்று பேசிப் பட்டியல் போட்டார்கள். தேர்தல்? 1995 தொடங்கி ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, 2020-ல் கொரோனா காலத்திலும் நிறுத்தாமல், 2025 டிசம்பர் வரை ஏழு முறை நடந்தது. நகரத்து ஏழைகளுக்கு என்று அய்யன்காளி பெயரில் ஒரு வேலை உறுதித் திட்டமும் 2010-ல் வந்தது.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆரம்ப வருஷங்களில் கிராமசபைக்கு வந்த கூட்டம் பிறகு குறைந்தது. சலுகை வாங்க வேண்டியவர்கள் மட்டும் வருகிறார்கள் என்ற குறை எழுந்தது. ஆனாலும் "லாம்" என்ற சொல்லை "வேண்டும்" என்று மாற்றிக் காட்ட முடியும் என்பதற்கு அது சாட்சி.

தாயும் மகனும் சேர்ந்து கேட்க வேண்டியவை

தோழர்களே, மகன் "சேர்" என்றும் தாய் "சேர்க்காதே" என்றும் இரண்டு மனு எழுதினால் என்ன ஆகும்? ஜனங்களிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை என்று எழுதி, அவர்கள் நினைத்ததைச் செய்வார்கள். நாம் ஒரே மனுவாக எழுதுவோம்.

ஒன்று, கிராமசபையைக் கூட்டி, வரைபடத்தையும் வரிக் கணக்கையும் முன்னால் வைத்து, நம் தீர்மானம் இல்லாமல் எல்லையைத் தொடாதே. இரண்டு, சேர்ப்பதானால் விவசாயத் தொழிலாளர்களுக்கு நகரத்திலும் சட்டப்படியான வேலை உறுதி கொடு. அது வரும்வரை பழைய வேலையை நிறுத்தாதே. மூன்று, சாக்கடையும் தண்ணீரும் எந்தத் தேதிக்குள் எந்தத் தெருவுக்கு வரும் என்று எழுதிக் கொடு. அது வரும்வரை சிறு வீடுகளின் வரியை உயர்த்தாதே. நான்கு, குளம், மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாடு, நத்தம் இவற்றைக் கணக்கெடுத்து, குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுத்துவிட்டுப் பிறகு பேசு. ஐந்து, எல்லையை மாற்றுகிறோம் என்ற சாக்கில் தேர்தலைத் தள்ளிப்போடாதே.

கிராமமாக நீடித்தாலும் நகரமாக மாறினாலும், பணமும் ஆளும் தேர்தலும் நம் கைக்கு எட்ட வேண்டும் என்பதே இதன் சாரம்.

இதற்கு முதல் காரியம் என்ன? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நான்கு நாளும் கிராமசபை நாள். ஆலைத் தோழர்களே, இந்த நான்கு நாளும் உங்களுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். மே தினத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். அதே நேரத்தில் உங்கள் தாய்மார்கள் கிராமசபையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது.

அடுத்த கிராமசபைக்கு இரண்டு பகுதியாரும் சேர்ந்து போவோம். தீர்மானத்தை நம் கண் முன்னால் எழுதச் சொல்வோம். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்வோம். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவோம். படிக்கத் தெரியாத தாயின் பக்கத்தில் படிக்கத் தெரிந்த மகன் உட்காரட்டும். மகனுக்கு ஊர்ப் புறம்போக்கின் எல்லை தெரியாது. அது தெரிந்த தாய் எழுந்து பேசட்டும்.

எல்லைக் கல்லை யாரோ ராத்திரியில் வந்து நகர்த்தக் கூடாது. நகர்த்த வேண்டுமானால் பகலில், ஊர் கூடி, ஊர் சொன்ன இடத்தில் நடட்டும். அதற்குத்தான் அதிகாரப் பரவல் என்று பெயர்.